பகைவனுக்குப் பச்சை நிறம்

ஓர்க் என்பது பழைய ஆங்கிலச் சொல். ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஆங்கிலச் சொற்கோவைகளிலே, பூதம் என்றும் நரகத்துப் பேய் என்றும் அதற்குப் பொருள் எழுதியிருக்கிறார்கள். 'பெயோவுல்ஃப்' என்னும் பழங்காவியத்திலும், தீய பிறவிகளை வரிசைப்படுத்தும் ஓரிடத்தில், அதன் உறவுச் சொல் ஒன்று தலைகாட்டுகிறது. இலத்தீனிலே பாதாளத் தெய்வத்துக்கு ஓர்க்கஸ் என்று பெயர். அதுவே மூலம் என்பர். இவ்வாறு அகராதியின் ஒரு மூலையிலே நெடுங்காலம் உறங்கிக் கிடந்த சொல்லைத் தட்டி எழுப்பியவர், ஒக்ஸ்போர்ட்டிலே பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர் ரோல்கீன். 1937-ல் வெளிவந்த 'ஹொபிற்' என்னும் அவர் கதையில் அருகி வழங்கிய அச்சொல், 1954-லும் 1955-லும் வெளிவந்த 'லோர்ட் ஒவ் த றிங்ஸ்' என்னும் பெருங்கதையில் ஒரு முழுப் பகைக்கூட்டத்தின் பெயராயிற்று.

இன்று அந்தச் சொல் பெட்டியில் அடைபட்டுக் கடையில் விற்கப்படுகிறது. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்ரிக் சட்டங்கள். சட்டங்களிலே கை வேறு, கால் வேறு, தலை வேறாக ஓர்க்குகள். அவற்றை வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசையிலே காடும் மலையும் குடிசையும் அமைத்து, அவற்றினிடையே அணிவகுத்து, அளவுநாடாவும் பகடையும் கொண்டு போர் விளையாடுகிறார்கள். உருவம் ஒவ்வொன்றும் அடியிலிருந்து கண்வரை ஏறக்குறைய 28 மில்லிமீற்றர் உயரம். பெருவிரலின் மேற்கணுவை விடச் சிறிது கூடுதல். விளையாடுபவர்கள் சிறுவர் அல்லர். மீசை நரைத்தவர்களும் உளர்.

இதைப்பற்றி ஒரு பண்டிதனுக்கு என்ன பேச்சு என்று கேட்பவர் கேட்கலாம். சொல் எங்கள் கைப்பொருள். ஒரு சொல் அகராதியை விட்டுப் புறப்பட்டு இத்தனை தூரம் நடந்திருக்கும்போது, அதன் பின்னே சிறிது தூரம் போய்ப் பார்ப்பதிலே குற்றம் ஒன்றும் இல்லை. அன்றியும், என்னிடம் பண்டித வகுப்பிலே படித்த ஒருவர் இங்கிலாந்திலே தொழில் பார்க்கிறார். விடுமுறைக்கு வரும்போது ஓர் தகரப் பெட்டியிலே பன்னிரண்டு ஓர்க்குகளைப் பஞ்சிலே பொதிந்து கொண்டுவந்தார். நான் அறிந்ததிற் பெரும்பகுதி அந்தப் பன்னிரண்டு பேரிடமும் அவர்களுடைய எசமானிடமும் அறிந்தது. மீதி நூல்களிலே படித்தது.

போரைக் கண்ணாலே கண்ட நாட்டிலே பிறந்தவர்கள் நாம். போரை மேசையிலே விளையாடுகிறார்கள் என்றதும் முகம் சுளிப்பது இயல்பு. நானும் சுளித்தேன். ஆனால் இந்த விளையாட்டின் வரலாறு நான் நினைத்ததிலும் வேறாக இருந்தது.

அதன் வேர் பிரஷ்யாவிலே இருக்கிறது. 1824-ல் றைஸ்விற்ஸ் என்னும் படை அதிகாரி, தம் தந்தையார் தொடங்கிய ஒரு போர்விளையாட்டைத் திருத்தி அதிகாரிகளின் பயிற்சிக்கு உரியதாக்கினார். அது வரைபடமும் கட்டைகளும் கொண்டது. பதுமை இல்லை; மகிழ்ச்சியும் அதிகம் இருந்திராது. 1880களின் தொடக்கத்தில், 'புதையல் தீவு' எழுதிய ரொபேட் லூயி ஸ்ரீவன்சன், சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரிலே நோய் தீரத் தங்கியிருந்தபோது, தம் மனைவியின் மகனோடு ஈயப் போர்வீரர்களை நிலத்திலே பரப்பி நாட்கணக்காக விளையாடினார். 1893-ல் வில்லியம் பிரித்தன் என்பவருடைய தொழிற்சாலை, உள்ளே வெறுமையான ஈயப் பதுமைகளை வார்க்கத் தொடங்கியது. விலை இறங்கியது. வீடுதோறும் படை புகுந்தது.

அடுத்து வந்தவர் எச். ஜி. வெல்ஸ். 1913-ல் 'சின்னஞ்சிறு போர்கள்' என்று பொருள்படும் பெயரோடு ஒரு நூல் வெளியிட்டார். வில்விசையாலே மரத்துண்டை எறியும் பொம்மைப் பீரங்கி, தரையிலே அடுக்கிய கட்டைகளாலான வீடுகள், சில எளிய விதிகள். இவ்வளவே. ஆயினும் நூலின் முடிவிலே வெல்ஸ் விளையாட்டை நிறுத்திவிட்டு உண்மைப் போரைப் பேசுகிறார். சிறு போரை மூன்று நான்கு முறை விளையாடிப் பார்த்த எவனும், பெரும் போர் எத்துணை மடத்தனமான காரியம் என்பதை உணர்வான் என்பது அவர் கட்சி. மறு ஆண்டு, 1914-ல், ஐரோப்பா முழுவதும் பற்றி எரிந்தது. அந்த ஆண்டிலே வெல்ஸ் தாமும் இது போரை முடிக்கும் போர் என்று எழுதினார். தரையிலே விளையாடியபோது தெளிந்திருந்த அறிவு, மெய்யான பீரங்கி முழங்கியபோது தடுமாறியதை நினைக்குந்தோறும் எனக்கு இரக்கமே தோன்றுகிறது.

பின்னாட்களிலும் இந்த விளையாட்டை வளர்த்தவர்களிற் சிலர் போர்முனை கண்டவர்கள். 1962-ல் 'போர் விளையாட்டுகள்' என்னும் நூலை எழுதி இங்கிலாந்திலே இதைப் பரப்பிய டொனால்ட் பெதர்ஸ்ரன், இரண்டாம் உலகப் போரிலே தாங்கிப் படையிலே பணி செய்தவர். அவர்கள் விளையாடியது வரலாற்றுப் போர்களை. அமெரிக்காவிலே 1971-ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய 'செயின்மெயில்' என்னும் விதிநூலின் பின்னிணைப்பிலேதான் மந்திரவாதியும் பறவை நாகமும் ஓர்க்கும் மேசைக்கு வந்தனர். 1974-ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' செய்தனர். 1975-ல் இலண்டனிலே மூன்று நண்பர்கள் கேம்ஸ் வேர்க்ஷொப் என்னும் சிறு வியாபாரத்தைத் தொடங்கினர். 1983-ல் அக்கொம்பனி 'வோர்ஹாமர்' என்னும் தன் சொந்தப் போர்விளையாட்டை வெளியிட்டது. கொம்பனி பின்னர் நொட்டிங்ஹாமிலே நிலைகொண்டது. ஓர்க்குகளின் தலைநகரம் நொட்டிங்ஹாம் என்று சொன்னால் மிகையாகாது.

வரலாறு போதும். தீட்டுதலுக்கு வருவோம். உண்மையிலே இக்கலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தீட்டுபவர்களிற் பலர் ஆண்டுக்கு ஒருமுறைகூட விளையாடுவதில்லை என்கிறார் மாணவர்.

சட்டத்திலிருந்து வெட்டிய துண்டுகளிலே, அச்சின் இரு பாதிகளும் பொருந்திய இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். முதலிலே அதைக் கத்தியாற் சுரண்டி எடுத்தல் வேண்டும். எடுக்காவிட்டால் எத்தனை வண்ணம் பூசினாலும் அந்தக் கோடு தழும்புபோல் நிற்கும். ஒட்டும் பசை வெறும் பசை அன்று. அது பிளாஸ்ரிக்கை இளக்கி ஒன்றோடொன்று உருகச் செய்வது. பின்னர் கறுப்போ வெள்ளையோ அடிப்பூச்சு. அதன் மேலே நிறம். நிறத்தை நீர் விட்டு மெல்லியதாக்கி இருமுறை பூசுதல் விதி. தடித்து ஒருமுறை பூசினால் முகத்தின் சுருக்கங்கள் மூழ்கிப்போம்.

தூரிகை பற்றி ஒரு வார்த்தை. சைபீரியாவிலே வாழும் ஒருவகைக் கீரி போன்ற விலங்கின் மயிராற் செய்த தூரிகையே உயர்ந்தது என்கின்றனர். அதனிலே பெயர்போன வரிசை ஒன்றை வின்சர் அன்ட் நியூற்றன் நிறுவனத்தார் 1866-ல் விக்ரோறியா மகாராணியின் நீர்வண்ண ஓவியத்துக்கென்று செய்யத் தொடங்கினர். மகாராணிக்குச் செய்த தூரிகை இன்று ஓர்க்கின் பல்லைத் தீட்டுகிறது. காலத்தின் விளையாட்டு இதுவும்.

பச்சைத் தோலைத் தீட்டும் முறையை மாணவர் என் முன்றிலிலே இருந்து செய்து காட்டினார். புதியவன் பச்சையை எடுத்துப் பூசுவான். நிழலுக்குக் கறுப்பைக் கலப்பான். ஒளிக்கு வெள்ளையைக் கலப்பான். கறுப்புக் கலந்த பச்சை சேறாகும். வெள்ளை கலந்த பச்சை சுண்ணாம்பாகும். அறிந்தவன் நிழலுக்குச் செம்மண் நிறத்தையோ ஊதாவையோ கொள்வான். ஒளிக்கு மஞ்சளைக் கொள்வான். பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு ஆதலால், சிவப்புச் சாயல் நிழலிலே தங்கும்போது தோலின் கீழே இரத்தம் ஓடுவதுபோலத் தோன்றுகிறது. உதட்டிலும் விரற்கணுவிலும் சிறிதளவு இளஞ்சிவப்பு. நீர்த்த கரும்பூச்சு ஒன்று பள்ளங்களிலே தானே ஓடித் தேங்குகிறது. பின்னர் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையாலே மேடுகளை மட்டும் தடவுகிறார்கள். எலும்பும் மயிரும் தோலாடையும் அந்தத் தடவலிலே எழுந்து வருகின்றன.

கண்ணை அவர் முதலிலே தீட்டினார். பிசகினால் தோல்நிறத்தாலே மறைத்துவிடலாம் என்பது காரணம். நம்முடைய சிற்பிகள் கண்ணை இறுதியிலே திறப்பர். கண் திறந்தபின் உருவம் கல் அன்று என்பது கருத்து. ஓர்க்குக்கு முதலிலே கண்ணைத் திறந்துவிட்டு அதன் பின்னே மூன்று மணிநேரம் அதனோடு முகத்துக்கு முகம் இருக்கும் மனிதனைப் பார்த்தபோது, இரண்டு முறைக்கும் நியாயம் உண்டு என்று தோன்றிற்று.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லலாம்.

ஓர்க் ஏன் பச்சை? ரோல்கீனுடைய ஓர்க் பச்சை அன்று. கறுத்தது, மங்கிய மஞ்சள் நிறத்தது, சாய்ந்த கண்ணது என்றே அவர் வருணிக்கிறார். 1958-ல், தம் கதையைத் திரைப்படமாக்க வந்த ஓர் எழுத்துப் பிரதியைப் பற்றி எழுதிய கடிதத்திலே, இன்னும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். ஐரோப்பியர் கண்ணுக்கு அழகில்லாத மொங்கோலிய முகத்தின் இழிந்த வடிவமே ஓர்க் என்பது அக்கடிதத்தின் கருத்து. ஐரோப்பியர் கண்ணுக்கு என்று ஓர் அடை கொடுத்தார். அந்த அடை அவருடைய நேர்மையைக் காட்டுகிறது. ஆனால் பிழையைத் துடைக்கவில்லை. இவ்வுலகத்திலே தாயும் பிள்ளையுமாக வாழ்கின்ற ஒரு மக்களின் முகத்தை எடுத்து, வெறுப்பதற்கென்றே பிறந்த கூட்டத்தின் முகமாக்கியது பெரிய பிழை. ரோல்கீனை மதிப்பவன் நான். மதிப்பவனே இதைச் சொல்ல வேண்டும்.

பின்னே என்ன நடந்தது? 1977-ல் வெளிவந்த அமெரிக்க விளையாட்டு நூல் ஒன்றின் படத்திலே ஓர்க் பன்றி மூக்கோடு தோன்றியது. யப்பானியக் கதைகளிலே இன்றும் அது பன்றியாகவே உலவுகிறது. இங்கிலாந்திலே, 1980களிலே, நொட்டிங்ஹாம் கொம்பனியின் சிற்பிகளும் ஓவியர்களும் அதற்கு நல்ல பச்சை நிறத்தையும், பெருந்தாடையையும், மேல்நோக்கி வளைந்த கீழ்ப்பற்களையும் கொடுத்தனர். 1994-ல் வந்த 'வோர்க்ராப்ற்' என்னும் கணினி விளையாட்டிலும் ஓர்க் பச்சையே. இன்று உலகத்துச் சிறுவரைக் கேட்டால், ஓர்க் என்றால் பச்சை என்பர்.

அந்தச் சிற்பிகள் அறத்தை நினைத்துச் செய்தார்கள் என்று நான் கூறவில்லை. கடையின் கண்ணாடிப் பெட்டியிலே தூரத்திலிருந்தே தெரியும் நிறம் பச்சை, அதுவே காரணமாயிருக்கலாம். ஆனால் பயன் பெரிது. உலகத்திலே பச்சை நிறத்து மனிதர் எவரும் இல்லை. ஓர்க்கின் மேலே பச்சை பூசப்பட்ட அன்று, ஒரு மக்களின் முகத்தின் மீதிருந்த சேறு கழுவப்பட்டது. இலக்கிய விமரிசகர் எழுதிச் செய்ய முடியாததை ஒரு வண்ணச் சிமிழ் செய்தது.

இதனோடு நின்றிருந்தால் இது புகழ்ச்சிக் கட்டுரையாக முடிந்திருக்கும். மேலும் ஒரு படி போகவேண்டியிருக்கிறது.

பகைவனை முற்றாக அழித்தல் விளையாட்டாக வேண்டுமானால், அந்தப் பகைவனுக்குப் பிள்ளைகள் இருத்தல் ஆகாது. இருந்தால் கேள்வி பிறக்கும். பாசறையை வென்றபின் தொட்டிலை என்ன செய்தாய் என்னும் கேள்வி அது. ரோல்கீன் இந்தக் கேள்வியோடு இறக்கும்வரை மல்லாடினார். ஓர்க்குகள் எங்கிருந்து வந்தன? ஒரு பாத்திரத்தின் வாயிலாக, அவை தேவகணத்தாரைப் போலி செய்து தீயவன் உண்டாக்கியவை என்றார். அவர் மறைந்தபின் 1977-ல் வெளிவந்த 'சில்மரில்லியன்' என்னும் நூலிலே, அத்தேவகணத்தாரையே சிறைப்பிடித்து வதைத்துக் கெடுத்து உண்டாக்கியவை என்று காணப்படுகிறது. மற்றப் பிறவிகளைப் போலவே அவை பெருகின என்றும் காணப்படுகிறது. பெருகினால் பெண் உண்டு, பிள்ளை உண்டு. திருந்தவே முடியாத பிறவி ஒன்றைப் படைப்பது தம் சமயநம்பிக்கைக்குப் பொருந்துமா என்று கடைசிவரை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தார். முடிவு செய்யாமலே போனார்.

கொம்பனியாருக்கு இந்த வருத்தம் இல்லை. 1987-ல் அவர்கள் வெளியிட்ட, எதிர்காலத்திலே நிகழும் மற்றொரு விளையாட்டிலும் ஓர்க் உண்டு. அந்த ஓர்க்குகளின் பிறப்புக்கு அவர்கள் சொல்லும் வரலாறு, அவை காளான் போன்றவை என்பது. வித்துத்துகள் மண்ணிலே விழும். அதிலிருந்து முழு உருவோடு ஓர்க் முளைத்தெழும். ஆணில்லை, பெண்ணில்லை, குழந்தையில்லை. முளைக்கும்போதே கையிலே கோடரி இல்லாத குறைதான். வேடிக்கையான கற்பனை. வேடிக்கைக்குள்ளே ஒரு பெரிய உண்மை இருக்கிறது. பகைவனுக்குத் தாயும் இல்லை, தொட்டிலும் இல்லை என்று கற்பித்துக்கொண்டாலன்றி மனிதன் மனம் அவனை அழிப்பதிலே களிப்படையாது. விளையாட்டுக்காரர் அதைத் துணிந்து கதையிலே எழுதிவைத்தனர். மெய்யான போரை நடத்துபவர்கள் எழுதிவைப்பதில்லை, நம்பச் செய்கிறார்கள். எந்த நாட்டிலே, எந்தப் பத்திரிகையிலே என்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. வாசகர் வயது முப்பதைத் தாண்டியவராயின் அவருக்கே தெரியும்.

அமெரிக்காவிலே இந்தக் கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. 2020-ல் 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' வெளியீட்டாளர், ஓர்க்கைப் பிறப்பாலே தீயதென்று காட்டும் வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தனர். 2024-ல் வெளிவந்த அவர்கள் விதிநூலிலே, விளையாடுபவர் தமக்கெனத் தேர்ந்து கொள்ளக்கூடிய பிறவிகளுள் ஓர்க்கும் ஒன்று. பழைய ஆட்டக்காரர் பலர் கோபித்தனர். விளையாட்டிலே கூடவா உபதேசம் என்றனர். அவர்கள் கோபத்திலும் ஒரு பங்கு நியாயம் உண்டு. தீமையே இல்லாத கதை கதையாகாது. ஆனால் தீமை செய்பவன் வேறு. தீமையாகப் பிறந்தவன் வேறு. முன்னவன் இன்றிக் காப்பியம் இல்லை. பின்னவன் இன்றிக் காப்பியம் நன்றாகவே நடக்கும்.

ரோல்கீனுக்கே இது தெரிந்திருந்தது. 1916-ல் சோம் ஆற்றங்கரைப் போரிலே செய்தித் தொடர்பு அதிகாரியாயிருந்தவர் அவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே தம் மகனுக்கு எழுதிய கடிதமொன்றில், வாழ்க்கையிலே ஓர்க்குகள் இரு பக்கத்திலும் உண்டு என்று எழுதினார். கதையிலும் ஓரிடம் வருகிறது. இரண்டு ஓர்க்குத் தலைவர்கள் சந்திக்கிறார்கள். மேலிடத்தார் தவறு செய்கின்றார்கள், அடிபடுவது நாம் என்று குறைப்படுகிறார்கள். இந்தப் போர் முடிந்ததும் நம்பிக்கையான சில பையன்களைக் கூட்டிக்கொண்டு, பெரியவர்கள் இல்லாத ஏதாவது ஓரிடத்துக்குப் போய்விட வேண்டும் என்கிறார்கள். போவது கொள்ளையடிக்கத்தான். இருந்தும் அது அகழிக்குள்ளே இருந்த சிப்பாயின் பேச்சு. அதைப் படித்தபின் அவ்விருவரையும் வெறும் பூதமாக எண்ண என்னால் முடியவில்லை.

பேச்சு என்றதும் என் இரண்டாவது வழக்கு நினைவுக்கு வருகிறது. இது முற்றிலும் மொழி பற்றியது.

நொட்டிங்ஹாம் கொம்பனியார் ஓர்க்குக்குப் பச்சை முகம் கொடுத்தார்கள், நல்லது. நாக்கை எங்கிருந்து எடுத்தார்கள்? கிழக்கு இலண்டனின் ஏழைத் தொழிலாளர் பேசும் கொக்னி வழக்கிலிருந்து எடுத்தார்கள். காற்பந்தாட்ட மைதானத்திலே கலகம் செய்யும் இளைஞர் கூச்சலையும் அதனோடு கூட்டிக்கொண்டார்கள். இதற்கும் முன்மாதிரி ரோல்கீனிடம் உண்டு. 'ஹொபிற்' கதையிலே ஆட்டிறைச்சி வாட்டித் தின்னும் மூன்று அரக்கர் பேசுவது அதே கொக்னி. நிறத்தாலே எந்த மக்களையும் சுட்டாத ஓர்க், சொல்லாலே தன் நாட்டு ஏழையைச் சுட்டுகிறது.

ஆசிரியர் அறையிலே ஒருநாள் இந்தப் பேச்சு வந்தது. இளம் ஆசிரியர் ஒருவர், ஓர்க் எப்படிப் பேசும், தமிழிலே சொல்லும் பார்ப்போம் என்று மாணவரைக் கேட்டார். சிவப்பு வண்ணம் பூசிய வண்டி விரைந்து ஓடும் என்பது அந்த ஓர்க்குகளின் நம்பிக்கைகளுள் ஒன்று. அவர்கள் எல்லோரும் சேர்ந்து நம்புவதனாலே அது உண்மையாகவே விரைந்து ஓடும் என்பது கதை. ஊதா நிறம் பூசினால் எவர் கண்ணுக்கும் தெரியாது. ஊதா நிறத்து ஓர்க்கை எவராவது கண்டதுண்டா என்பது அவர்கள் தருக்கம். மாணவர் இவற்றைத் தவறணை வாசற் பேச்சிலே சொல்லிக் காட்டினார். அறை முழுவதும் சிரிப்பு. "எங்கடை சந்தையிலை மீன் விக்கிற ஆக்கள் கதைக்கிற மாதிரியே இருக்கு" என்றார் ஒருவர்.

நான் சிரிக்கவில்லை. அந்தப் பேச்சு ஆங்கிலத்திலே செய்வது என்ன என்பது தமிழிலே கேட்ட அந்தக் கணத்திலே வெளிப்பட்டது. 1960களிலே ஈழத்து இலக்கிய உலகத்திலே ஒரு பெரிய வாதம் நிகழ்ந்தது. சாதாரண மக்களின் பேச்சு வழக்கைக் கதையிலே கையாளலாமா என்பது வழக்கு. மரபின் பக்கத்திலே நின்றவர்கள் அதை இழிசனர் வழக்கு என்றார்கள். நான் இலக்கணம் கற்பித்து உண்பவன். செந்தமிழின் பக்கத்திலே நிற்பவன். ஆனால் அந்தப் பெயர் கொடியது. ஒரு மொழி வழக்கை ஏட்டிலே ஏறவிடாமல் தடுத்தவர்கள், அது பின்னர் கோமாளியின் வாயிலும் பூதத்தின் வாயிலும் மாத்திரம் ஏறுவதைக் காண்பார்கள். மீன் விற்பவர் பேச்சிலே ஒரு நல்ல கதை முன்னரே எங்கள் வகுப்புகளிலே படிக்கப்பட்டிருக்குமாயின், ஆசிரியர் அறைச் சிரிப்பு அத்தனை எளிதாய் வந்திராது.

"ஐயா, அங்கை ஆருக்கும் ஓர்க்கிலை வெறுப்பில்லை. எல்லாப் படையிலும் ஓர்க் படைக்குத்தான் அன்பு கூட. சண்டையிலை சந்தோசப்படுறது அது ஒண்டுதான்" என்றார் மாணவர். அதுவும் மெய்யே. மற்றப் படைகள் பழியும் பெருமையும் பேசி முகத்தை இறுக்கி நிற்க, ஓர்க் ஒன்றே பல்லைக் காட்டி நிற்கிறது. அதைத் தீட்டுபவர்களிலே அதே கொக்னி வீடுகளிலே பிறந்தவர்களும் இருப்பார்கள். தங்கள் நாக்கைத் தாங்களே எடுத்து விளையாடுபவரை நான் குறைசொல்ல மாட்டேன். பிறர் நாக்கை எடுத்து விளையாடுவதுதான் கணக்குப் பார்க்க வேண்டிய காரியம்.

வியாபாரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மூன்று நண்பர்கள் தொடங்கிய கொம்பனி 2024 டிசெம்பரிலே இலண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கொம்பனிகளின் பட்டியலிலே இடம்பெற்றது. பொம்மைக் கடை என்று இனி எவரும் சொல்லார். 2015-ல் அவர்கள் தங்கள் பழைய கற்பனை உலகத்தை அழித்துப் புதிய ஒன்றைத் தொடங்கியபோது ஓர்க்குக்கு 'ஓர்றுக்' என்று பெயரிட்டனர். காரணம் எளிது என்று நான் கருதுகிறேன். ஓர்க் என்னும் சொல் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. ஒருவருக்கும் உரிமை இல்லை. சிதைத்த சொல்லுக்கு உரிமை கொண்டாடலாம். 2024-ல் பழைய உலகத்தை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது ஓர்க் என்ற பழைய பெயரே திரும்பியது. பண்டிதன் என்ற முறையிலே எனக்கு அது ஒரு சிறு வெற்றி.

வாங்கிக் குவித்துத் தீட்டாமல் வைத்திருப்பதே அவ்வுலகத்தாரின் பொதுநோய். ஈயத்தால் உருவங்கள் வார்த்த காலத்திலிருந்து அந்தக் குவியலுக்கு ஈயமலை என்று பெயர். ஓர் உருவுக்கு மூன்று மணி என்று கொண்டால் நூறு உருவுக்கு 300 மணி. மாலையிலே ஒரு மணிநேரம் கிடைக்கும் மனிதனுக்கு அது ஏறக்குறைய ஒரு வருடம். அதற்குள் புதிய பெட்டி ஒன்று வந்துவிடும். என் புத்தக அலுமாரியின் மேற்தட்டிலே ஏடு வெட்டாத நூல்கள் சில இருப்பதனால் இதைப்பற்றி மேலே பேசேன்.

இறுதியாக, நிலம். தொல்காப்பியத்தார் பொருளிலக்கணம் கூறும்போது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தார்கள். தெய்வமும் விலங்கும் மரமும் பறையும் கருப்பொருளாக அதன் பின்னே வரும். மேசையிலே காட்சி அமைப்பவர்களும் அந்த முறையையே அறியாமற் பின்பற்றுகிறார்கள். முதலிலே நிலம். கட்டடத் தொழிலிலே வெப்பம் தடுக்கப் பயன்படும் கடினமான நுரைப்பலகையை வெட்டிக் குன்று செய்கிறார்கள். தக்கை மரத்தின் பட்டையை உடைத்துச் செருகினால் அது பாறை. மணலைப் பசையிலே தூவி, கருமண் நிறம் பூசி, உலர்ந்த தூரிகையால் வெளிறச் செய்தால் நடந்து தேய்ந்த தரை. உலர்த்திய வேர் மரமாகும். குடித்து எஞ்சிய தேயிலைச் சக்கையைக் காயவைத்தால் சருகு. மின்னேற்றத்தினாலே நிமிர்ந்து நிற்கும் செயற்கைப் புல்லும் உண்டு. தெளிவான பிசினை ஊற்றிச் செய்யும் சேற்றுக் குளமும் உண்டு.

மாணவர் தம் கைத்தொலைபேசியிலே தாம் அமைத்த ஓர்க்குக் குடியிருப்பின் படத்தைக் காட்டினார். கோப்பி கலக்கும் மரச்சிம்புகளை வெட்டிச் செய்த வேலி. சாய்ந்த இரண்டு குடிசைகள். அடுப்பின் மேலே ஒரு பானை. அந்தக் கற்பனை உலகத்திலே ஓர்க்குகளின் காலடியிலே ஓடித்திரியும் மிகச் சிறிய பச்சைப் பிராணிகள் உண்டு. அவை குழந்தைகள் அல்ல, வேறோர் இனம் என்பது விதிநூல். அவர் அவற்றில் மூன்றைப் பானையருகே நிறுத்தியிருந்தார். ஒன்று எட்டிப் பார்க்கிறது. ஒன்று காளானைக் கையிலே வைத்திருக்கிறது. மூன்றாவது, அடுப்பருகே குனிந்திருக்கும் பெரிய ஓர்க்கின் ஆடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கை பெட்டியிலே அப்படி வரவில்லையாம். வெட்டித் திருப்பி ஒட்டினாராம். ஏன் என்று கேட்டேன். "அப்பிடி நிண்டால் நல்லாயிருக்கும் போலை கிடந்தது, ஐயா" என்றார்.

குடிசைக்கு அவர் வேய்ந்திருந்தது தேங்காய்த் தும்பு. வாசலிலே கிடக்கும் கால்துடைப்பானை வெட்டி எடுத்தது. எங்கள் நாட்டிலிருந்து போன தும்பாகவும் இருக்கலாம்.